டீச்சரின் கார் பிரேசர் மலை ஏறிய நாள்

இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றித் திருப்பியபோது அதன் உட்புறம் முழுக்க வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஏதோ அப்பிக் கிடந்தது. விரலால் வழித்தேன், நேற்றைய தேங்காய்ச் சட்னி மாதிரி வந்தது. ஆயிலும் தண்ணீரும் கலந்து கலந்து கடைந்த கோலம் அது. வெளியே அந்தப் பச்சை நிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. உள்ளே இந்த லட்சணம். "கடவுளே, எந்தப் புண்ணியவான்டா இத இப்படிப் பண்ணி வச்சது!" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் காரின் சொந்தக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் எனக்காக வாங்கிவந்த வடைப் பொட்டலத்தோடு.

அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பிரிக்பீல்ட்ஸில் பல வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். என் பட்டறை கிள்ளானில். புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "பாஸ் இல்லையா அக்கா?" என்று கேட்பார்கள். நான்தான் பாஸ் என்று சொன்னதும் வருகிற அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இஞ்சினைப் பிரித்துக் கட்டினால் எவ்வளவு வேகம் கூடும்? டீச்சர் ஒருவர்தான் வேறு மாதிரி கேட்டார். "மலைக்குப் போனா, தானா ஓடித் திரும்பி வருமோ பிள்ளை?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருந்தது. இறந்துபோன அவர் கணவருக்கு இந்தக் கார் மேல் கொள்ளை ஆசை. மனைவி பக்கத்தில், மகன் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் குந்திக்கொள்ள, பிரேசர் மலைக்குக் கிளம்புவாராம். கோலகுபு பாரு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கார் புகையத் தொடங்கிவிடும். ஒரு தடவைகூட உச்சியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு பயணமும் இழுவை லோரியில்தான் முடியும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்துச் சிரிக்க, லோரியில் ஏற்றிய காரோடு வந்து இறங்கியதை மகன் மறக்கவேயில்லை. இப்போது சுபாங் ஜெயாவில் குடும்பத்தோடு இருக்கும் அவர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "அக்கா, இதுதான் லாஸ்ட் சான்ஸ். மலைக்குப் போய்த் திரும்பட்டும். லோரியில ஏறிச்சுன்னா மறுநாளே வித்துருவேன் லா." அவர் போன பிறகு டீச்சர் மெல்லச் சொன்னார், "தகப்பன் போனதில இருந்து இவன் அவரைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்கிறேல்லை. காரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிறான். இதையும் வித்துப்போட்டா வீட்டில அவரைப் பற்றிக் கதைக்க என்ன இருக்கு?"

ஆக, எனக்கு வந்தது இஞ்சின் வேலை மட்டும் இல்லை. பிரித்துக்கொண்டே போனேன். கோபமும் கூடிக்கொண்டே போனது. இஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் ஒரு சின்ன அடைப்பான் உண்டு, தெர்மோஸ்டாட் என்போம். அது அங்கே இல்லவே இல்லை. நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வியாதி இது. 'வெயில் நாட்டுக்கு எதுக்கு இது' என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். குளிர்விப்பான் திரவத்துக்குப் பதிலாக வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓட வேண்டிய பாதையில், கடைசி சிலிண்டர் பக்கம், துருச்சேறு களிமண்ணாக இறுகிக் கிடந்தது. மலை ஏறும்போது கார் கொதித்ததில் என்ன அதிசயம்? ஆனால் அந்தத் தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. தண்ணீர் ஆயிலுக்குள் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் நன்றாக இருந்தது, இஞ்சினில் விரிசலும் இல்லை.

வடையைக் கடித்துக்கொண்டே டீச்சரிடம் கேட்டேன், காரை யார் ஓட்டுகிறார்கள் என்று. "ஒருத்தரும் ஓடுறேல்லை. அவர் போனாப் பிறகு நான்தான் ஒவ்வொரு நாளும் விடிய விளக்குக் கொளுத்தி, சாமி கும்பிட்டிட்டு, போய் ஸ்டார்ட் பண்ணுவன். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டிட்டு நிப்பாட்டிப்போடுவன்."

கையிலிருந்த வடையைக் கீழே வைத்தேன். சூடேறும் முன் நிறுத்தினால் இஞ்சினுக்குள் வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லை, ஆயிலோடு சேர்ந்துவிடும். நான் திட்டிய புண்ணியவான் யாரென்று இப்போது தெரிந்தது. சொல்வதா, விடுவதா? அந்த அம்மாளின் காலைப் பூஜை அது. சொல்லாமல் விட்டால் நான் கட்டித் தரப்போகும் இஞ்சினுக்கும் இதே கதிதான். சொல்லிவிட்டேன். டீச்சர் அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். அழப்போகிறார் என்று துணி தேடினேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அவரையும் இப்பிடித்தான் பிள்ளை! மழை, வெயில், தும்மல் தடிமன் வரும் எண்டு வெளியில விடாமப் பொத்திப் பொத்தி வச்சிருந்தனான். மனுசன் அதுக்கே சண்டை பிடிப்பார்."

அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை கொண்டாட்டமாகிவிட்டது. இஞ்சின் பக்கவாட்டுத் துளைகளை மூடியிருக்கும் தகடுகளையெல்லாம் தட்டி எடுத்துவிட்டு, கம்பியால் குடைந்து குடைந்து அந்தச் சேற்றை வெளியே கொண்டுவந்தேன். சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டேன். ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலைத் தாங்க, வால்வு உட்காரும் இடத்தில் கடினமான வளையங்கள். தெர்மோஸ்டாட் தன் இடத்துக்குத் திரும்பியது. வேகத்துக்காக நான் எதையும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். எல்லாம் அளவோடு இருந்தால் இஞ்சின் தன்பாட்டுக்கு உழைத்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை உயிர் வந்தபோது தையல் மெஷின் மாதிரி அத்தனை சீராக ஓடியது. நான் பட்டறை நடுவில் நின்று கைதட்டினேன். வெட்கமே இல்லை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். டீச்சர் ஓட்ட, நான் பக்கத்தில். மகன் தன் காரில் இழுவைக் கயிறோடு பின்னால். கோலகுபு பாருவுக்கு மேல் வளைவுகள் தொடங்கின. வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் நடுவில் வந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். டீச்சர் கியரை மாற்றி மாற்றி, "இந்த வளைவிலதான் முதல் தரம் நிண்டது... இதில ரெண்டாந்தரம்" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்கு மேல் அவர் பார்த்திராத பாதை.

உச்சியில் மணிக்கூண்டுப் பக்கம் நிறுத்தியதும் மகன் இறங்கி வந்தார். காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "இங்க வர்றதுக்கா அப்பா அவ்ளோ பாடுபட்டாரு?" என்றார்.

திரும்பும் வழியில் ரவாங்கில் பெட்ரோல் போட நின்றோம். டீச்சர் சாவியை மகனிடம் நீட்டினார். "மலையும் ஏறியாச்சு, எனக்கு இவ்வளவும் காணும். இனி விக்கிறதெண்டாலும் வில்லு, ராசா." எனக்குப் பகீர் என்றது. இதற்கா இவ்வளவு பாடு? மகன் சாவியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு தன் காரின் சாவியை என் கையில் திணித்தார். "அக்கா, என் காரை அம்மா வீட்டுல விட்டுருங்க." டீச்சர் மறுபேச்சில்லாமல் இடப்பக்கம் போய், கணவரோடு போகும்போது தான் உட்காரும் இருக்கையில் ஏறிக்கொண்டார். என்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போயே போய்விட்டார்கள்!

டீச்சரின் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு கேட் முன்னால் வெகுநேரம் காத்திருந்தேன். கார் வரவில்லை. நின்றுவிட்டதோ? எங்காவது கொதித்துப் புகைந்துவிட்டதோ? டீச்சருக்கு போன் போட்டேன். எடுத்ததும் போனில் என் இஞ்சினின் சத்தம் சீராகக் கேட்டது.

"எங்க டீச்சர் இருக்கீங்க?"

"பெரிய ரோட்டாலேயே வீட்டைத் தாண்டிட்டம், பிள்ளை. அவன்ர வீட்டையும் தாண்டி, கிள்ளான் பக்கம் போய்க்கொண்டிருக்கிறம்." குரலைத் தாழ்த்தினார். "தகப்பனைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வாறான். வீட்டுக்கு வந்தா நிப்பாட்டிப்போடுவான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஓட்டட்டும் டீச்சர்," என்றேன். "அது நிக்காது."