முதல் வரி எடுப்பவன்

எங்கள் சபையில் வாத்தியம் கிடையாது. ஆர்மோனியம்கூட ஆகாது என்றிருந்தார்கள். மெனோனைட் என்ற எங்கள் கிறிஸ்தவப் பிரிவின் பேர் எங்கள் வீதியில் யார் வாயிலும் நுழையாது. நகை போடாத, சத்தியம் பண்ணாத வேதக்காரர் ஊடு என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். அனுப்பர்பாளையத்தில் தகரம் வேய்ந்த ஒரு கூடத்தில் கூடுவோம். பக்கத்துப் பட்டறையில் ஞாயிறு காலையிலும் பாத்திரம் தட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஆண்களில் ஒருவர் முதல் வரியைப் பாடித் தொடங்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு தேறியதும் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் பாட்டுப் புத்தகம் வாசித்த முதல் ஆள் நான். ஆனால் எந்தச் சுருதியில் தொடங்குவது என்பது புத்தகத்தில் இல்லை. அது அக்காவிடம் இருந்தது. மூன்றாவதோடு நின்றவள் அவள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து வாய் திறக்காமல் சுருதியை மெல்ல இழுப்பாள். அதைப் பிடித்துத்தான் நான் தொடங்குவேன்.

கூட்டம் முடிந்ததும் யாராவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார்களா என்று நிற்பேன். "பாப்பா கொரலு இன்னிக்கு நெம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று அக்காவைத்தான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். என் மார்க் ஷீட்டை வாசிக்க எங்கள் உறவில் ஆள் இல்லை. அக்காவின் பாட்டைக் கேட்க எல்லோரிடமும் காது இருந்தது. அம்மா அவளுக்கு முதலில் சோறு போட்டால்கூட எனக்கு எரியும். "கம்பெனிக்கு நேரமாச்சில்லடா" என்பாள் அம்மா. எனக்கு அது காரணமாகப் படவில்லை.

மடத்துக்குளம் பக்கமிருந்து சபையார் வந்திருந்த ஒரு ஞாயிறு. அக்கா இழுத்தது கேட்டது. கேட்டும் அதை விட்டுவிட்டு, உரக்க, உயரத்தில் தொடங்கினேன். மூன்றாவது வரி மேலே ஏறுகிற இடத்தில் என் குரல் உடைந்தது. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அக்கா, சுருதியைத் தாழ்த்தி, முதல் வரியிலிருந்து எடுத்தாள். எல்லோரும் கடைசி வரை பாடினார்கள். நான் பாடவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து, சபையே அப்பம் பிட்டுப் பகிர்ந்துகொள்ளும் நாள். அதற்கு முந்தின நாள் எல்லோரும் கூடி, ஒவ்வொருவராக எழுந்து, 'எல்லாரோடும் சமாதானம்' என்று சொல்ல வேண்டும். ஒருவர் இல்லை என்றாலும், அது தீரும்வரை யாருக்கும் அப்பம் கிடையாது.

என் முறை வந்தது. "இல்லீங்க" என்றேன்.

சபையை நடத்தும் மூப்பர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆருகூடக் கண்ணு?"

"அக்காகூடங்க."

"நா என்னடா பண்ணுனேன்?" என்றாள் அக்கா அங்கிருந்தே. யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு பேரும் வெளிய போயிப் பேசிட்டு வாங்க சாமி. நாங்க இருக்கறோம்" என்றார் மூப்பர்.

சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் நின்றோம்.

"எல்லாரும் உன்னையத்தான் சொல்றாங்க" என்றேன்.

"அதுக்கு நா வாயை மூடிக்கிட்டு இருக்கோணுமா?"

"ஆமா" என்று வந்துவிட்டது.

"நீ புஸ்தகத்தத் தொறக்கறப்பெல்லாம் எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமாடா? ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு, சமாதானம்னு பொய்தான் சொல்லிட்டு இருக்கறேன்."

"பொய்யா?"

"பின்னே? எல்லாருக்கும் அப்பம் கெடைக்கோணுமில்ல."

உள்ளே போனோம். மூப்பர் என்னைக் கேட்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். "எனக்கும் இல்லீங்க" என்றாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

அந்த ஞாயிறு யாருக்கும் அப்பம் இல்லை. அம்மா இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. சபையில் வெகுநாள் வரை அதையே பேசினார்கள்: அந்தப் பாப்பா எத்தனை தைரியமாக எழுந்து நின்று உண்மையைச் சொன்னது என்று. அவளுக்கு முன்னால் நான் சொன்னது ஒருவருக்கும் ஞாபகமில்லை.