டைம்கீப்பர் மகளின் பகல் தூக்கம்

பஸ் டெப்போவில் பதினாறு வருடமாக டைம்கீப்பராக இருப்பவர் அவர். வண்டி இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலே அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், ஒரு குழந்தை எத்தனை மணிக்குத் தூங்க வேண்டும் என்று முடிவு செய்யத் தன்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நினைத்ததில் வியப்பென்ன?

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த மகள். மனைவி மருந்துக்கடை வேலைக்குத் திரும்பியதும், டைம்கீப்பர் மாலை ஆறு மணி ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பகல் முழுக்கப் பிள்ளை அவர் பொறுப்பு.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். ஒரு வாரம் கவனித்துப் பார்த்து, காலை ஒன்பதுக்கு ஒரு தூக்கம், பன்னிரண்டரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அவளும் சமத்தாக அப்படியே தூங்கினாள். அப்புறம் கேட்கவா வேண்டும்! டெப்போவில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் இதே பேச்சு. "எல்லாம் நாம பழக்குற விதத்துலதான் இருக்கு" என்று, மூன்று பிள்ளை பெற்ற டிரைவருக்கே பாடம் எடுத்தார். டிரைவர் "சரிங்க சார்" என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

எட்டாவது மாதத்தில் நாலு மணித் தூக்கம் தகராறு செய்தது. திரைச்சீலையை இழுத்து மூடினார். தொட்டிலை ஆட்டினார். தாலாட்டு ஒன்றும் தெரியாததால், "தண்ணித்தொட்டி... பழைய மார்க்கெட்... ஆஸ்பத்திரி முனை..." என்று பஸ் நிறுத்தங்களையே ராகம் போட்டு இழுத்தார். ஒரு நாள் ஐந்தரைக்கு மனைவி வந்து கதவைத் திறந்தால், தரையில் உட்கார்ந்தபடி தொட்டிலில் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷர். மகள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, யாரு யாரைத் தூங்க வச்சது?"

"இவதான்... ரெண்டு வாரமா ஒரே அடம்."

"அடம் இல்லைங்க, வளர்றா. இப்பல்லாம் மூணு மணி நேரம் முழிச்சிருக்க முடியுது அவளால. அந்தத் தூக்கத்தை எடுத்துட்டு, சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் படுக்க வச்சுடலாம்."

மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலாம் நாள் ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அந்த நாலு மணி வரியை அடித்தார்.

மற்ற இரண்டு தூக்கமும் ஆறு மாதம் ஒழுங்காக ஓடின. பதினாலாம் மாதத்தில் எல்லாம் தலைகீழ். ஒன்பதுக்குப் படுக்க வைத்தால் பத்தரை வரை கால் விரலோடு பேச்சுவார்த்தை. அப்புறம் தூங்கி நண்பகலில் எழுந்தால், மத்தியானத் தூக்கம் கிட்டவே வராது. ஐந்து மணிக்கு வீடு இரண்டுபடும். சரி, காலைத் தூக்கமே வேண்டாம் என்று நிறுத்திப் பார்த்தார். பதினோரு மணிக்கு, சாப்பிடும்போதே கிண்ணத்தில் முகம் கவிழ்ந்துவிட்டாள்.

இந்தப் போராட்டத்தில் களைத்தவர், ஒரு மாலை டெப்போ மேஜையிலேயே கண் அயர்ந்துவிட்டார்.

"சார், வண்டியைக் கிளப்பட்டுமா, இல்ல நானும் பக்கத்துல வந்து படுக்கட்டுமா?"

மூன்று பிள்ளை பெற்ற அதே டிரைவர் நின்றுகொண்டிருந்தார். டைம்கீப்பர் பதறி எழுந்து முதலில் வண்டியை அனுப்பினார். அது திரும்பி வந்ததும் தன் கதையை மொத்தமாகக் கொட்டினார்.

"ஒரேயடியாப் பிடுங்கினா எப்படி சார்? மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை, காலைத் தூக்கத்தைக் கால் மணி நேரம் தள்ளுங்க. மெதுவா பன்னெண்டரைக்கு வந்துடும். நடுவுல ஒரு நாள் தாங்கலைன்னா ரெண்டு தூக்கம் குடுங்க, யாரும் மெமோ குடுக்க மாட்டாங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க எங்க சார் எனக்குப் பேச இடம் குடுத்தீங்க?"

தள்ள ஆரம்பித்தார். பதினோரு மணிதான் கண்டம். அந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவார். தையல்கடையில் மெஷின் ஓடுவதை வேடிக்கை காட்டுவார். ஒரு நாள் வேடிக்கை பார்க்கும்போதே அவர் தோளில் சாய்ந்தவள், அப்படியே சரிந்து தூங்கிவிட்டாள்.

"மெஷினை நிறுத்தட்டுங்களா?" என்றார் தையல்காரம்மா.

"வேணாங்க, நீங்க தைங்க."

கடை ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். குறித்த நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்னால் தூங்கினாள் என்று பார்க்க வழியில்லை. கடிகாரம் கட்டிய கை அவள் தலைக்கு அடியில் இருந்தது. சட்டைக் காலர் எச்சிலில் நனைந்தது. கை மரத்துப்போனது. இரண்டு ஜாக்கெட்டுக்குத் தையல் முடியும் வரை அசையவில்லை. முதல் தடவையாக, மணி என்ன என்று தெரியாமலே அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ஒன்றரை மாதம் இழுத்து, பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை ஒரே தூக்கம் என்று ஒருவழியாக நிலைத்தது. திடீரென்று கையில் முழுசாக இரண்டு மணி நேரம்! முதல் நாள் அலமாரியை அடுக்கினார். இரண்டாம் நாள் குழாய்க்கு வாஷர் மாற்றினார். மூன்றாம் நாள் செய்வதற்கு ஒன்றுமில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. நாலு தடவை அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்தாவது தடவை கிட்டப் போய், அந்தக் கன்னத்தை ஒரே ஒரு விரலால் லேசாகத் தொட்டார்.

பட்டென்று கண்ணைத் திறந்தாள். மணி ஒன்று பத்து.

சாயங்காலம் மனைவி, சிணுங்கிச் சிணுங்கி அழும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, இன்னிக்கு என்ன இவ இப்படிப் படுத்துறா? சரியாத் தூங்கலையா?"

டைம்கீப்பர் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னமோ தெரியல... பல்லு முளைக்குது போல" என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிட ஐந்து நிமிடம் முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிப் போனார்.