குன்ஸேஸ் சுமந்த கன்று

தர்கியாஸ் கிழவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கன்று பிறந்து எட்டே நாள்தான் ஆகியிருந்தது.

"தோலை உரிச்சு வைக்கோல் அடைச்சுத் தரேம்மா. மடிகிட்ட காட்டு, சுரக்கும். இந்தச் சவலையை எவளாவது கணவாய் தாண்டித் தூக்கிட்டுப் போவாளா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. யாக் காளைக்கும் பசுவுக்கும் பிறக்கிற ஸோமோ பால் கறப்பதில் ராணி. ஆனால் அது போடுகிற கன்று ஏர் இழுக்காது, சுமை தூக்காது, பனி தாங்காது. அதை வளர்க்கக் கணவாய்க்கு இரண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் ஆள் கிடையாது.

"வேணாம் மேமே," என்று தாத்தாவைத் தடுத்தாள் குன்ஸேஸ். "உசிரோடவே குடுங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இருந்துட்டுப் போறேன்."

குன்ஸேஸுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து வருஷம் சாலை வேலையில் கல் உடைத்தவள். கையும் நீளம், வாயும் நீளம். அவளுக்கென்று இருந்த ஒரே உறவு தங்கை யாங்ஸ்கித். அவளும் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற அவள் ஊரில் ஆடுகளின் மடி வற்றிவிட்டது. டப்பாப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கிக் கக்கி எலும்பும் தோலுமாகிவிட்டது. நாளையோ மறுநாளோ பனி விழுந்து கணவாய் மூடும். மூடினால் வைகாசி வரை இந்தப் பக்கத்து மாடு அந்தப் பக்கம் போகாது. அதனால்தான் அம்மா விட்டுப்போன பவழ மாலையைக் கொடுத்து இந்த ஸோமோவை வாங்கினாள்.

வழித்துணைக்கு ஸ்தோப்தன் வந்தான். மூன்று கழுதைகளில் பட்டாணி மாவு ஏற்றிக்கொண்டு அதே ஊருக்குப் போகிறவன். நல்லவன்தான், ஆனால் வாயை மூடத் தெரியாது. முதலில் கன்றைக் கழுதைமேல் கட்டிப் பார்த்தார்கள். ஸோமோ கொம்பை ஆட்டிக்கொண்டு பாய்ந்ததில் கழுதை மாவு மூட்டையோடு ஓடைக்குள் இறங்கிவிட்டது.

"போதும்டா சாமி!" என்று ஸ்தோப்தன் கும்பிட்டான்.

குன்ஸேஸ் தன் முதுகுக் கூடையில் இருந்ததை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்றை அதில் உட்கார வைத்தாள், முகம் பின்பக்கம் பார்க்க. அவள் நடந்தாள். கன்றின் மூக்கை முகர்ந்துகொண்டே ஸோமோவும் நடந்தது. கயிறே வேண்டியிருக்கவில்லை.

"உனக்கு ஏன் மாப்பிள்ளை அமையலன்னு இப்பத்தான் புரியுது அச்சே," என்றான் ஸ்தோப்தன். அங்கே அக்காவை அச்சே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அமைஞ்சிருந்தா அவனையும் இப்படித்தான் தூக்கணும். இதுவாவது எட்டு நாள் குட்டி."

நண்பகலுக்கு ஏற்றம் செங்குத்தானது. நெற்றியில் மாட்டியிருந்த கூடைக் கயிறு தோலை அறுத்தது. பாரம் குறைய, இடுப்பில் கட்டியிருந்ததில் முதலில் மாவுப் பையை வழியில் போட்டாள், பிறகு தேயிலைக் கட்டியை, பிறகு தண்ணீர்க் குடுவையை. இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

கணவாய் உச்சியில் கட்டியிருந்த மந்திரக் கொடிகள் படபடத்தன. ஸ்தோப்தன் அங்கிருந்த கற்குவியல்மேல் ஒரு கல்லை வைத்து, "கி கி ஸோ ஸோ!" என்று தெய்வங்களைக் கூவி அழைத்தான். குன்ஸேஸுக்குக் கூவ மூச்சில்லை. அந்த நேரம் பார்த்து ஸோமோ ஒரு கத்து கத்தியது.

"உன் பங்கையும் அதுவே கூவிருச்சு!" என்று அவன் சிரித்தான்.

இறக்கத்தில் பனி பிடித்துக்கொண்டது. முன்னால் போகிற கழுதை தெரியவில்லை. குன்ஸேஸ் சறுக்கி முழங்காலில் விழுந்தாள். கூடை கவிழ்ந்தது. வெளியே விழுந்த கன்று அசையவில்லை.

ஸ்தோப்தன் குனிந்து தொட்டுப் பார்த்தான். "போயிருச்சு அச்சே. விடு. தோலையாவது எடுத்துக்குவோம்."

விடு. அன்றைக்கும் இதைத்தான் சொன்னார்கள். தங்கையின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போயிருச்சு விடு என்று நாலு பேர் சொன்னதும் கையை எடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்திருக்கலாமோ என்று இரண்டு மாதமாக அவளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கிறது.

"மாட்டேன்!" என்று கத்தினாள். அங்கியைப் பிரித்துக் கன்றை நெஞ்சோடு அணைத்து உள்ளே வைத்துத் தேய்த்தாள். "செத்துப் பாரு சனியனே! உன்னை இவ்வளவு தூரம் சுமந்தது இதுக்கா? மூச்சு விடு! விடுடா!" திட்டத் திட்டக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தங்கை போன அன்றுகூட அவள் அழவில்லை. ஸோமோ வந்து அவள் கழுத்து இடுக்கில் முகத்தை நுழைத்துக் கன்றை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. அவளும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கன்று ஒரு தும்மல் போட்டது.

ஸ்தோப்தன் எழுந்து கழுதைகளிடம் போனான். ஒரு கழுதையின் மூட்டையை இறக்கிப் பாறைக்கடியில் வைத்தான். "கன்னு உன்கிட்டயே இருக்கட்டும். நீ ஏறிக்கோ," என்றான். ஸோமோவும் இந்த முறை கழுதையை முட்டவில்லை.

பொழுது சாயும்போது வீடு வந்தது. உள்ளே குழந்தையின் அழுகை பூனைக்குட்டி முனகல் அளவுக்குச் சிறுத்திருந்தது. தங்கை புருஷன் பத்மா லுண்டுப் சொம்போடு ஓடி வந்தான். "கற அச்சே, சீக்கிரம்!"

"இரு." கன்றை மடியில் விட்டாள். அது தட்டுத்தடுமாறி முட்டியது. மடி சுரந்தது. பிறகுதான் சொம்பை வாங்கிக்கொண்டு, ஒரு பக்கத்துக் காம்புகளைக் கன்றுக்கு விட்டு மறுபக்கம் கறந்தாள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து காய்ச்சி ஆற்றி, துணித் திரியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தை சப்பியது. கக்கவில்லை. மறுபடியும் வாயைத் திறந்தது.

பத்மா லுண்டுப் வாசல் பக்கம் பார்த்தான். "எதுக்கும் உதவாத கன்னு. பாதிப் பாலை அதுவே குடிச்சுரும். எதுக்கு அச்சே சுமந்துட்டு வந்தே?"

குன்ஸேஸ் தலை நிமிரவில்லை. திரியை மறுபடி பாலில் தோய்த்தாள்.

"இந்த வீட்டுக்கு ஒரு சாவு போதும்," என்றாள்.