நெல் காயும் சாலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு

எங்கள் வீட்டில் இரவு வேளைக்குச் சோற்றை நிறுத்திவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சாப்பிடுவது என்று கார்த்திகையில் முடிவானது. முடிவெடுத்த கூட்டத்துக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. அன்றிலிருந்து குக்கரில் மூன்று விசில் விட்ட கிழங்கைத் தினமும் சாப்பிட்டு வந்தேன். நான்காவது விசிலும் விட்டுப் பார்க்கலாமே என்று ஒருநாள் நானே யோசனை சொன்னேன். அது புதுமையாக எனக்குத் தோன்றியபோதுதான் நிலைமையின் தீவிரம் புரிந்தது.

தையில் தஞ்சாவூரில் ஒரு வளைகாப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமையை, இந்தக் கிழங்கை மற்றவர்கள் வீட்டில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒதுக்கினேன். கொள்ளிடத்துப் படுகையில் விளையும் கிழங்குக்கு ருசி அதிகம் என்று பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லியிருந்தார். பாயசம் வரும்வரை சொன்னார். ஒரு பயணத்துக்கு இவ்வளவு ஆதாரம் போதும்.

காலை பத்து மணிக்குத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் ஏறினால் பதினொன்றேகாலுக்குக் கும்பகோணம். நாற்பது கிலோமீட்டர். உட்கார இடம் கிடைத்தது. அங்கே கடைத்தெருவில் கிழங்கு கிலோ ஐம்பது ரூபாய். சிவப்புத்தோல், வெள்ளைத்தோல் என்று இரண்டு குவியல்.

"எதும்மா நல்லா இருக்கும்?"

"வாங்குனா ரெண்டுமே நல்லா இருக்கும்" என்றார் கடைக்கார அம்மா.

மூன்று கிலோ சிவப்பு வாங்கிக்கொண்டேன். கிழங்கு விளையும் ஊருக்குக் கிழங்கு கொண்டு போவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஆட்டோ ஓட்டுநர் செந்திலும் கேட்டார். வெறுங்கையோடு போய் யார் வீட்டு அடுப்படியிலும் நுழைய முடியாது என்று சொன்னேன். திருப்பனந்தாள் வழியாகக் கொள்ளிடக்கரை வரை போய்த் திரும்பத் தொள்ளாயிரம் ரூபாய் பேசினோம், காத்திருப்புக்குத் தனி. அது எவ்வளவு என்று கேட்டதற்கு, "காத்திருந்துட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

செந்திலுக்குச் சொந்த ஊர் பூம்புகார். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். வழியெல்லாம் அவர் சொன்ன சமையல் குறிப்பு இது: கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காயோடு தோல் சீவாத கிழங்கைப் பெரிய துண்டாக நறுக்கிப் போட வேண்டும். புளி கொதித்த பிறகு கிழங்கு, கிழங்கு முக்கால் பதம் வெந்த பிறகு கருவாடு. "மொதல்லயே போட்டீங்கன்னா கெழங்கு கரைஞ்சு கொழம்பு பாயசமாயிரும். எங்கம்மா ஒரு தடவ போட்டுட்டாங்க. ஒரு வாரம் அவங்கள பாயசம்னுதான் கூப்புட்டோம்."

திருப்பனந்தாள் தாண்டிக் கிராமத்துச் சாலைக்குத் திரும்பியதும் சாலையில் பாதிதான் மிச்சமிருந்தது. மற்ற பாதியில் நெல் காய்ந்தது. சம்பா அறுவடைக் காலத்தில் டெல்டாவுக்கு வருகிறவர்கள் கவனிக்க: தார்ச்சாலை இங்கே முதலில் களம், பிறகுதான் போக்குவரத்து. வரைபடச் செயலிக்கு இது தெரியாது. அது காட்டும் நேரத்தோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டரை மணிக்கு வடக்கே வானம் கறுத்தது. வளைவில் ஒரு பெண் சாலை நடுவே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"தம்பி, நெல்லு மேல ஏத்திராத! வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து ஒரு கை புடி. சார், நீங்களுந்தான்!"

அவர் வளர்மதி. கணவர் கலியபெருமாள் மரப்பலகையால் நெல்லை நடுவுக்கு இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். மகள் சௌமியா சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், அறுவடைக்காக வந்திருந்தார். சனிக்கிழமையும் மீட்டிங்காம். புளியமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் மடிக்கணினி திறந்திருக்க, "ஒன் மினிட்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அவர் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்து ஓடினார். அந்த ஒரு நிமிடம் இருபது நிமிடம் நீடித்தது. அவ்வளவு நேரமும் புளியமரத்தின் கிளைதான் மீட்டிங்கில் கலந்துகொண்டது.

தூறல் விழுந்தது, உடனே நின்றது. தார்ப்பாயைத் தட்டி உதறிவிட்டு, வெயில் வந்ததும் மறுபடி நெல்லை விரித்தோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். காலையில் கொண்டுபோய்க் காட்டியபோது மெஷின் பத்தொன்பது காட்டியிருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் காய்ந்தால் உண்டு. நாளை ஞாயிறு, திங்கள் குடியரசு நாள். இடையில் மழை வரும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள்.

"மூடி வச்சா சூடேறி மொளச்சிரும் சார்" என்றார் கலியபெருமாள். "எங்கம்மா இதே வயல்ல கூலிக்கு நட்டவங்க. குத்தகை எங்க கைக்கு வந்து இதான் மொதப் போகம்."

சொல்லிவிட்டுக் காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டே நடந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நடந்தேன். என் கோடுகள் நேராக இல்லை. வளர்மதி பின்னாலேயே வந்து அவற்றைத் திருத்தினார்.

விடியலிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஆட்டோவிலிருந்து கிழங்குப் பையை எடுத்துவந்தேன். ஒரு வருடச் சோற்றைக் காலடியில் பரப்பி வைத்திருந்த மூவரும் பசியோடு அதைப் பார்த்தார்கள். எப்படிச் சமைப்பது என்பதில் உடனே கருத்து வேறுபாடு வந்தது.

"அனல்ல போடு" என்றார் வளர்மதி.

"தோலு கருகிக் கசக்கும். அவிச்சுரு" என்றார் கலியபெருமாள்.

"கசக்குதுன்னு தோலோட முழுங்குறதும் இவருதான்."

"ஏர் ஃப்ரையர் இருந்தா இருபது நிமிஷம்பா" என்றார் சௌமியா.

"அது என்னாது?" என்றார் அப்பா.

"காத்துலயே பொரிக்கும்."

"காத்துல நெல்லே காய மாட்டேங்குது, இதுல கெழங்கு பொரியுதாம்."

கடைசியில் காற்றில் பொரிப்பதைத் தவிர எல்லாமே நடந்தது. நெல்லுக்கு எட்டத்தில், வாய்க்கால் கரையில் தென்னை மட்டையைக் கொளுத்தினார் வளர்மதி. சுடுவதற்குக் கைப்பிடிக்குள் அடங்கும் கிழங்குதான் சரி. கழுவியதும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தழல் இருக்கும்போது போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. தழல் அடங்கியதும் கங்கை விலக்கி, கிழங்கை வைத்து, மேலே சாம்பலையும் கங்கையும் மூடிவிட்டு அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை புரட்டலாம். ஈர்க்குச்சி தடையில்லாமல் உள்ளே போனால் வெந்துவிட்டது.

அவிப்பதற்கு அவர் செய்தது எனக்குப் புதிது. சட்டியின் அடியில் இரண்டு கை வைக்கோல், அது நனையும் அளவுக்கு உப்புத் தண்ணீர், அதன்மேல் கிழங்கு, இறுக்கமாக மூடி. ஆவியில்தான் வேக வேண்டும். தண்ணீரில் முங்கினால் இனிப்பு தண்ணீருக்குப் போய்விடும். குக்கரில் நாங்கள் இத்தனை நாள் அந்தத் தண்ணீரைத்தான் கீழே கொட்டிக்கொண்டிருந்தோம். அவித்ததில் பாதியைச் சௌமியா வீட்டுக்கு எடுத்துப்போய்த் துண்டாக்கி, கடுகு, உளுந்து, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்துப் பிரட்டி, தேங்காய்த் துருவலோடு கொண்டுவந்தார். மீட்டிங் இன்னும் முடிந்திருக்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சாலையோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். சுட்டது வாயில் மாவாகக் கரைந்தது. கலியபெருமாள் தோலோடு சாப்பிட்டார். நடுவில் அவருக்கு ஒரு போன். "இல்லண்ணே, கெழங்கு தின்னுட்டு ஒக்காந்திருக்கோம். இனிமேத்தான் சாப்புடணும்" என்றார். இரண்டு மாதமாக என் வயிறு சொல்லிவந்ததும் இதுதான்.

வளர்மதி மட்டும் எதையும் தொடவில்லை. எல்லோருக்கும் எடுத்து வைத்துவிட்டு நெல் பக்கம் போனார்.

"அக்கா, நீங்க சாப்புடல?" என்றார் செந்தில்.

"நெல்லு கடிச்சுப் பாக்கணும் தம்பி. காஞ்சது கடக்குனு ஒடையும், ஈரம் இருந்தா நசுங்கும். இந்தக் கெழங்கு பல்லுல ஒட்டிக்கும். அப்பறம் கடிச்சா கல்லும் நெல்லும் ஒண்ணுதான்."

"அப்பா கடிக்கலாமேம்மா" என்றார் மகள்.

"ஒங்கப்பாவா? போன வருசம் கூலிக்கு வேல பாத்த வயல்ல காஞ்சிருச்சுன்னு சொல்லி மூட்ட புடிக்க வச்சாரு. திருப்பிக் கொண்டாந்தோம்."

கலியபெருமாள் இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

அரை மணிக்கு ஒருமுறை வளர்மதி நாலு இடத்திலிருந்து நாலு நெல்லை எடுத்துக் கடித்துத் துப்பினார். வாயைக் கொப்பளிக்க மட்டும் தண்ணீர். நாலு மணிக்குக் காற்று குளிர்ந்தது. வடக்கே மறுபடி மேகம். கடைசியாக ஒருமுறை கடித்தார். நாங்கள் நால்வரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பதினேழா பதினெட்டான்னு தெரியலைங்க" என்றார். "கொண்டு போய்க் காட்டுங்க."

மாதிரிக்கு இரண்டு படி நெல்லைப் பையில் கட்டிக்கொண்டு கலியபெருமாள் எங்கள் ஆட்டோவில் ஏறினார். மூன்று கிலோமீட்டர். கொள்முதல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். முதல் ஆளுக்குப் பதினெட்டரை. அவர் பையைக் கட்டினார். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க நாங்கள் எல்லோரும் சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படித்தோம். கலியபெருமாளின் முறை வந்தபோது அவர் மெஷினையும் பார்க்கவில்லை. மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார்.

"பதினாறு புள்ளி எட்டு" என்றார் ஊழியர். "ஏழு மணி வரைக்கும் இருப்போம். சீக்கிரம் அள்ளிட்டு வாங்க."

கலியபெருமாள் வெளியே வந்து வளர்மதிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். மெஷின் காட்டிய எண்ணைச் சொன்னார். மறுமுனையில் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது.

"வளரு? என்ன பண்ற?"

"தின்னுக்கிட்டிருக்கேன். பேசிக்கிட்டு நிக்காதீங்க, சாக்கு புடிக்க ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க."

மூட்டைகளை ஏழு மணிக்குள் நிலையத்தில் இறக்கிவிட்டு நான் கும்பகோணம் திரும்ப இரவு எட்டரை ஆகிவிட்டது. செந்தில் காத்திருப்புக்கு இருநூறு கேட்டார். மூட்டை தூக்கியதற்கு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. படுகைக் கிழங்கை நான் கடைசிவரை பார்க்கவில்லை. வீட்டில் இப்போது வைக்கோலுக்குப் பதில் வாழை இலை போட்டு ஆவியில் வேக வைக்கிறோம். நன்றாக இருக்கிறது. அதன் பிறகு ஒரு பிடி சோறும் கேட்டுப் பார்த்தேன், பரிசீலனையில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: தை நடுவிலிருந்து மாசி முடியப் போனால் அறுவடை பார்க்கலாம். கும்பகோணத்தில் தங்கி, அரை நாளைக்கு ஆட்டோ பேசிக்கொள்வது சுலபம். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாலை நெல்லில் சக்கரம் ஏற்றாதீர்கள். மேகம் இருக்கும் நாளில் மாலைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கிளம்புங்கள். தார்ப்பாய்க்கு நாலு மூலை. அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர்.