பேரில்லாமல் கிடந்த ஒரு நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரம். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்து வீட்டில், பிறந்து இருபது நாளே ஆன என் மகனுக்குப் பேர் வைப்பதில் பெரிய ரகளையே நடந்தது.

நான் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண். பிறந்த வீட்டில் தெலுங்கு. கணவர் இந்தக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டோம். அன்றோடு என் நைனா, அதாவது என் அப்பா, என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் அவ்வப்போது போன் செய்வார். தலைப்பிரசவத்துக்குக்கூட நான் தாய்வீடு போகவில்லை. பேர் வைக்கிற சாக்கிலாவது நைனா வந்து பிள்ளையைத் தூக்க மாட்டாரா என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஏக்கம்.

பேருக்காக நான் தனியாக ஒரு நோட்டே போட்டிருந்தேன். தொழிற்சாலையில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா என்று நாலு மொழிக்காரர்கள். என் பேர் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக நசுங்கும். மகனுக்கு அந்தக் கதி வேண்டாம், எங்கே போனாலும் யார் கூப்பிட்டாலும் அப்படியே நிற்கிற பேராக இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக எழுதி, அடித்து, கடைசியில் மிஞ்சியது 'சாகர்'. கடல் என்று எல்லோருக்கும் புரியும், எவர் நாக்கும் தடுக்காது.

மாமனாருக்குப் பிடிக்கவில்லை. "கடலாண்டயே பொறந்தவனுக்குக் கடல்னு எதுக்கும்மா பேரு? நல்ல தமிழ்ப் பேரு வைக்கணும். செழியன்!" என்றார். அம்மாவோ போனில் கிசுகிசுத்தார். நைனாவுடைய அப்பா பேர் ரமணய்யா. அந்தப் பேரை வைத்தால் ஒருவேளை நைனா மனசு இளகலாம் என்றார். அதை நான் வீட்டில் சொன்னதுதான் தாமதம், "இந்தக் குப்பத்துல ரமணய்யாவா?" என்று மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் கணவர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். நான் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தார். கணவரின் அக்கா. மாமியார் இல்லாத எங்கள் வீட்டுக்கு எல்லாமே அவர்தான். கரையில் இறாலும் நண்டும் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவரைக் கண்டால் அப்போது எனக்கு எரிச்சல். எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார், எப்படியும் தன் அப்பா பக்கம்தான் பேசுவார் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். "இதுக்கா இம்மாம் அழுகை? பாடு வெச்சுக்கலாம்" என்றார்.

பாடு என்பது எங்கள் ஏரியில் உள்ள வழக்கம். இறால் நன்றாக விழுகிற இடங்கள் சிலதான் உண்டு. அவை யாருக்கும் சொந்தமில்லை. முறை வைத்துக்கொண்டு இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று மாறி மாறி வலை போடுவார்கள். முறை இல்லாத நாளில் எவ்வளவு பெரிய ஆளும் அங்கே வலையை இறக்க முடியாது.

"மூணு பேரு, மூணு நாளு. மொத நாளு செழியன், ரெண்டாம் நாளு சாகரு, மூணாம் நாளு ரமணய்யா. அன்னன்னிக்கு அந்தப் பேர வெச்சித்தான் கூப்பிடணும். மறுபடியும் மொதல்லேருந்து. எந்தப் பேரு ஒட்டுதோ அத வெச்சுக்கலாம். மாத்திக் கூப்பிட்டவங்க புள்ளையோட மூத்திரத் துணிய தொவைக்கணும்" என்றார். பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஆனா பாடு யாருதோ அந்த ஆளு வந்து நின்னாதான் முறை. ரமணய்யான்னு கூப்பிட உங்க நைனாதான் வரணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. என் போனை வாங்கி நைனாவுக்கே போட்டார். மார்க்கெட்டில் பழகிய தெலுங்கில், "வியாழக்கிழமை உங்க முறை. உங்க அப்பா பேருக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கோம்" என்றார். கெஞ்சவில்லை, சமாதானம் பேசவில்லை. மறுமுனையில் போன் கட்டானது.

முதல் நாள் நான் இரண்டு தடவை மாற்றிக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டேன். எப்படியும் துணியைத் துவைக்கிறவள் நான்தான், அதனால் நஷ்டமில்லை. இரண்டாம் நாள் மாமனார், மருந்து குடிக்கிற முகத்தோடு, "சாகரு... ஏ சாகரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்.

வியாழக்கிழமை வந்தது. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நைனா வரவில்லை. மத்தியானம் மாமனார், "அதான் ஆளு வரலையே, செழியன்னே கூப்பிடலாமில்ல?" என்று மெல்லக் கேட்டார். நாத்தனார் விடவில்லை. "அவரு வரலைன்னா அவரு முறை சும்மா கெடக்கும். நீ போய் வல போடுவியா?" என்றார். அன்று முழுக்க என் பிள்ளைக்குப் பேரே இல்லை. அவன் அழுதால் 'டேய்' என்போம், அதோடு சரி. நாத்தனார் என் மேல் உள்ள கோபத்தில்தான் இப்படி நாளை வீணாக்குகிறார் என்றுகூட நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா போன் செய்தார். இன்றைக்குப் பிள்ளையை என்னவென்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். "ஒன்றும் கூப்பிடவில்லை. நைனா முறை என்று யாரையும் கூப்பிட விடவில்லை. பேரில்லாமலே கிடக்கிறான்" என்றேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை, மழையில் நனைந்தபடி அம்மாவும் நைனாவும் வாசலில் நின்றார்கள். நைனா கையில் ஒரு துணிப்பை. மாமனார் எழுந்து நின்றார், ஆனால் வாங்க என்று சொல்லத் தெரியாமல் விழித்தார்.

நாத்தனார்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். "வாங்க. உங்க முறை நேத்தோட போச்சு. இன்னிக்கு இவன் செழியன்" என்றார். இரண்டு வருடம் கழித்து வந்த மனிதரிடம் பேசுகிற பேச்சா இது?

நைனா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினார். உற்றுப் பார்த்தார். "செளியா" என்றார். நாக்கு வளையவில்லை. மறுபடி முயன்றார். "செலியா... நா பங்காரம்", என் தங்கமே, என்று தெலுங்கில் கொஞ்சும்போதே குரல் உடைந்துவிட்டது. நான் அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

மாமனார் பக்கத்தில் வந்தார். குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "டேய் ரமணய்யா, உங்க தாத்தா வந்துட்டாருடா" என்றார்.

"யப்பா! இன்னிக்கு இன்னா பேரு? துணி கொல்லையில கீது, போ" என்று நாத்தனார் கத்தினார். மாமனார் சிரித்துக்கொண்டே போய், நிஜமாகவே துவைத்தார். நைனா தண்ணீர் ஊற்றினார்.

பேர் வைக்கிற நாளில் இரண்டு தாத்தாக்களும் அவரவர் பேரை விட்டுக்கொடுக்க, சாகர் என்றே வைத்தோம். இப்போது அவனுக்கு மூன்று வயது. அங்கன்வாடியில், ஆஸ்பத்திரியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் எல்லோரும் தடுமாறாமல் கூப்பிடுகிறார்கள். ஆனால் இன்றுவரை மாமனாருக்கு அவன் ரமணய்யா, நைனாவுக்குச் செளியன்.

உங்கள் பங்குக்கு நீங்கள் ஏன் ஒரு பேர் சொல்லவில்லை என்று நாத்தனாரிடம் ஒருமுறை கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்கு? கூப்பிட்டா திரும்பிப் பாத்தா போதும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கெஞ்சிக் கூப்பிட்டிருந்தால் என் நைனா வந்திருக்கவே மாட்டார். அவருடைய இடத்தில் வேறு யாரையும் வலை போட விடாமல் ஒரு நாள் முழுக்கக் காவல் நின்ற அந்த மனுஷியைத்தான் நான் மூக்கை நுழைப்பவர் என்று நினைத்திருந்தேன் என்பது, மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.