காற்றுக்கும் கட்டணம்

தெருவில் அவளுக்குப் பார்சலக்கா என்று பெயர். குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். சட்டம் போட்டு மாட்டிய அந்தப் பட்டத்தில் பாதியை இப்போது அட்டைப்பெட்டிகள் மறைத்து நிற்கின்றன. வீட்டின் முன்னறைதான் அவளுடைய கிடங்கு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள கடைகளில் இணையம் வழியாக வாங்குவார்கள். கடைக்காரர்கள் கடல் தாண்டி அனுப்பமாட்டார்கள். அதனால் சாமான்கள் அவள் முகவரிக்கு வரும். பிரித்து, சரிபார்த்து, நாலைந்தை ஒரே பெட்டியில் அடக்கிக் கட்டி அனுப்பிவைப்பாள். அதற்கொரு கட்டணம்.

"மூட்டை கட்டத்தான் காலேஜுக்குப் போனியா?" என்பார் அப்பா.

"எல்லாம் கணக்குப்பா" என்பாள். சொல்லிவிட்டு, அது நிஜந்தானா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்வாள்.

கணக்கு இருக்கத்தான் செய்தது. விமானத்தில் போகும் பெட்டிக்கு எடை மட்டும் போதாது; அது அடைக்கும் இடத்துக்கும் காசு. ஆகவே காற்றுதான் அவளுக்குப் பரம விரோதி. செருப்பு டப்பா, பொம்மை டப்பா எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் சுருட்டி அடைப்பாள். ஒருமுறை தம்பியின் பயணப்பெட்டியை இவள் அடுக்கிக் கொடுத்தாள். போன இடத்தில் திறந்தவனால் அதைத் திரும்ப மூடவே முடியவில்லை.

வாடிக்கையாளர்களில் பெரிய புள்ளி தொப்பிக்காரர். போனில் தெரியும் படத்தில் எப்போதும் தொப்பியோடு இருப்பார். பழைய கேமராக்களாக வாங்கித் தள்ளுவார். அவர் போய்விட்டால் முன்னறையில் பாதி காலி.

ஒரு நாள் அவருக்கு மூன்று பார்சல்கள் வந்தன. பிரித்தால் கேமரா டப்பா. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கவிழ்த்தாள், குலுக்கினாள். மூன்றிலும் அதே கதை.

"அம்மா, மனுஷனுக்கு நல்லா நாமம் போட்டிருக்கான்! வெறும் டப்பா!"

"அடப்பாவி. சரி, டப்பா கெட்டியா இருக்கு. இப்படிக் குடு."

கொடுத்துவிட்டு, 'உங்களை ஏமாற்றிவிட்டார்கள், நான் சும்மா விடமாட்டேன்' என்று தொப்பிக்காரருக்குப் பொங்கி எழுதினாள். மறுநாள் பதில் வந்தது.

'நான் வாங்கியதே டப்பாக்களைத்தான். கேமராக்கள் என்னிடம் இருக்கின்றன. டப்பாவோடு சேர்ந்தால்தான் அவற்றுக்கு மதிப்பு. பத்திரமாக வைத்திருக்கிறீர்களா?'

உள்ளே ஓடினாள். ஒன்றில் ஊக்குகள். ஒன்றில் பொத்தான்கள். மூன்றாவதில் அப்பாவின் மாத்திரைகள். அதன் சிவப்பு மூடியில் மட்டும் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், 'மாத்திரை'.

"இதுல எதுக்கும்மா எழுதின?"

"உங்கப்பா அவசரத்துல ஊக்கை முழுங்கிட்டா யார் பதில் சொல்றது? இரு, நகப்பூச்சு அழிக்கிற தண்ணியிருக்கு, ஒரு துடை துடைச்சா போயிடும்."

போனது. எழுத்தோடு மூடியின் சிவப்பும் போனது.

"வர்ற வழியில தேய்ஞ்சு வந்துச்சுன்னு எழுதிடு" என்றார் அப்பா. "அவர் என்ன நேர்ல வந்தா பாக்கப்போறாரு?"

அப்படியே தட்டெழுதினாள். விரல் அனுப்பும் இடத்தில் நின்றுவிட்டது. நேரில் வந்து பார்க்க முடியாததால்தானே அவர் இவளுக்குக் காசு கொடுக்கிறார்? பெட்டியில் இருப்பதை இருக்கிறபடி சொல்வாள் என்றுதானே? பொய்யை அழித்தாள். மூடியைப் படமெடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டு, போனைக் குப்புறப் போட்டாள். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது. 'வருத்தம்தான். மற்ற இரண்டையும் அனுப்புங்கள். மூன்றாவதற்குப் பதில் இன்னொன்று தேடித் தாருங்கள், அதற்குக் கட்டணம் தரமாட்டேன். அடுத்த வாரம் இரண்டு கேமரா வரும். தயவுசெய்து எதையும் அமுக்காதீர்கள்.'

கட்டும்போது அவள் கை பட்ட பாடு! சுற்றிலும் அத்தனை காற்றை விட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு டேப்பை ஒட்டினாள்.

கூரியர்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்னக்கா, ஆள் உசரத்துக்கு இருக்கு, ஆனா பஞ்சு மாதிரி லேசா இருக்கு? உள்ள என்ன?"

"ரெண்டு டப்பா."

"டப்பாக்குள்ள?"

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"என்னை ஏன்டி பாக்குற? சத்தியமா நான் ஒண்ணும் வைக்கல!"