சரிங்க மெக்கானிக்கின் நாலாவது ஒயர்

மாலை நாலேகாலுக்குப் போன் வந்தது. லிஃப்ட் மெக்கானிக், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தியைக் கேட்ட மனைவிக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆச்சரியம். ஜன்னலோரமா? கேட்டவருக்கெல்லாம் எழுந்து இடம் கொடுக்கிற ஆளாயிற்றே!

கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'சரிங்க'. யார் எதைச் சொன்னாலும் அதுதான் பதில். முடிவெட்டுகிறவர் ஒரு பக்க மீசையைக் குறைத்துவிட்டபோதும் "சரிங்க" என்று எழுந்து வந்து, மறுபக்கத்தை வீட்டில் தானே வெட்டிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் மனைவி அழுகிய தக்காளியைக் கையில் கொடுத்து, "மாத்திட்டு வாங்க" என்று அனுப்பினாள். அதே தக்காளியோடு இன்னும் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றாவது முறைதான் காரியம் முடிந்தது.

"கால் வெடவெடன்னு ஆடுச்சும்மா."

"ஆடட்டுமே. வாய் பேசுச்சுல்ல?"

ஒரு நாள் மாலை, எட்டு மாடிக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வந்தவர், பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்திருந்தாலும் லிஃப்டை ஓட்டிப் பார்க்க உதவும் சின்ன ஒயர்கள் நாலு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. நாலாவதைக் கழற்ற மறந்திருந்தார். அது மாட்டியே இருந்தால், கதவு மூடுமுன் யாராவது கால் வைக்கும்போதே லிஃப்ட் நகர்ந்துவிடும். இன்னொரு தப்பு செய்தால் வேலை போய்விடும் என்று மேனேஜர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

"காலைல முதல் ஆளாப் போய் சத்தமில்லாம எடுத்துடவா?"

"அதுவரைக்கும் ஏறுறவங்க?"

அவர் போனை எடுத்தார். முதலில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு லிஃப்டை நிறுத்தச் சொன்னார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது. கடைசியில், "லிஃப்ட் நின்னதுக்குச் சும்மா ரிப்பேருன்னு எழுதிடு, போதும்" என்றார்.

"இல்லங்க சார். ஒயரை மறந்துட்டேன்னே எழுதறேன்."

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவர் கால் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

வேலை போகவில்லை, பத்து நாள் வீட்டில் உட்காரவைத்தார்கள். திரும்பிப் போன அன்று இரண்டு மெக்கானிக்குகள் அவரை ஓரங்கட்டி, "அண்ணே, நாங்களும் மறந்திருக்கோம், வெளிய சொல்லல" என்றார்கள். அன்றிலிருந்து, கிளம்புமுன் ஒருவருக்கொருவர் ஒயர்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவது வழக்கமாயிற்று. மறந்தேன் என்பவருக்குத் திட்டுக்குப் பதில் டீ. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. பிறகும் பலமுறை அவர் 'இல்லங்க' சொன்னார். ஒருமுறைகூடக் கால் ஆடாமல் சொன்னதில்லை.

ஒயர் கண்ணில் படாமல் போகக் கூடாதென்று, ஒவ்வொன்றிலும் ஒரு முழ மஞ்சள் துணி தைக்கத் தொடங்கியிருந்தார். அந்த இரண்டு பேருடையதும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு. ஏழு முடிந்துவிட்டது. எட்டாவதில் ஊசி குத்தியபடி நிற்கிறது.